ஆறு வரிசைக் கொக்கி

பெரியவளே, சின்னவனே, போன வாரம் பீரோவின் கீழ்த்தட்டில் போர்வை தேடும்போது உங்கள் கையில் ஒரு துணி அகப்பட்டது. பெரியவள் அதைத் தூக்கிப் பிடித்து, "இன்னாப்பா இது, ஒரு தோளுக்குத்தான் பட்டி கீது, முதுகுல இத்தினி வரிசை கண்ணி கீது? அவுத்து வெச்ச துணிக்கு எதுக்கு கொக்கிய மாட்டி வெச்சிகினு கீற?" என்று கேட்டபடியே கொக்கியைக் கழற்றினாள். சின்னவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அதை வாங்கி மடித்து உள்ளே வைத்துவிட்டு, அப்புறம் சொல்கிறேன் என்றேன். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. பத்தாவது வரை படித்தவன், கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எழுத்தில் தப்பிருந்தால் திருத்திப் படியுங்கள். சின்னவனே, இது பெண்பிள்ளை விஷயம் என்று நீ எழுந்து போகாதே. உனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அது உங்கள் அம்மா தனக்குத் தானே தைத்துக்கொண்ட பிரா. பாடி என்றுதான் அவள் சொல்லுவாள். கடையில் வாங்குவதில் முதுகுப் பக்கம் கொக்கி மாட்டுகிற கண்ணி மூன்று வரிசை இருக்கும். இதில் ஆறு. கடையில் வாங்குவதில் இரண்டு தோளுக்கும் பட்டி இருக்கும். இதில் இடது தோளுக்கு மட்டும், இரண்டு விரல் அகலத்தில். வலது தோள் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் அவளுடைய உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைகளிடம் அதைச் சொல்வது சுலபமில்லை. ஆனாலும் நான் சொல்லாவிட்டால் அந்தத் துணியைப் பற்றித் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை.

உங்கள் அம்மா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். வெளிநாட்டுக்குப் போகிற பாடி தைக்கிற கம்பெனி. டெய்லர் என்றால் முழுசாகத் தைப்பவள் என்று நினைக்காதீர்கள். வரிசையாக மிஷின் போட்டிருப்பார்கள், ஒருத்திக்கு ஒரு வேலை. அவள் வேலை, மார்பைத் தாங்குகிற கிண்ணத்தின் மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் சேர்த்து ஒரு வளைந்த தையல் அடிப்பது. காலையிலிருந்து சாயந்திரம் வரை அந்த வளைவு ஒன்றுதான். "ஊர்ல கீற வெள்ளைக்காரிக்கெல்லாம் பொருந்துது. நான் வாங்கிப் போட்டா மட்டும் ஒண்ணு கிழக்கால பாக்குது, ஒண்ணு மேற்கால பாக்குது" என்று சிரிப்பாள். பட்டி தோளில் பதிந்து சிவப்பாகக் கோடு விழுந்திருக்கும். அதைத் தேய்த்துக்கொண்டே சமைப்பாள். எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன்.

பெரியவள் மூன்றாவது படிக்கும்போது அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. உட்கார்ந்தே செய்கிற வேலை, அதனால்தான் என்றாள். அப்புறம் முகம் வீங்கியது, சாப்பிட்டது வெளியே வந்தது. பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை, வாரத்துக்கு மூன்று முறை மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். அதற்கு இடது கையில் நரம்பை இணைத்து ஆபரேஷன் செய்தார்கள். அடைத்துக்கொண்டது. மறுபடி செய்தார்கள். மறுபடி அடைத்தது, அந்தக் கையும் மரத்துப்போனது. கடைசியில் கழுத்து நரம்பில் ஒரு குழாயை விட்டு, தோலுக்கு அடியில் இறக்கி, வலது பக்கம் காறை எலும்புக்குக் கீழே வெளியே எடுத்தார்கள். வெளியே இரண்டு முனை தொங்கும், ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இன்னொன்றுக்கு நீல மூடி. சின்னவன் அதை அம்மாவோட பேனா என்பான். ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். "இந்தக் குழாய் ஒன்றுதான் இப்போது வழி. மற்ற நரம்பெல்லாம் சுருங்கியிருக்கிறது. இதில் சீழ் பிடித்தால் அடுத்ததை எங்கே போடுவது என்று எனக்கே தெரியவில்லை." வீட்டுக்கு வந்து அவளிடம் மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு, குழாய் வெளியே வருகிற இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பாடியின் வலது பட்டி சரியாக அந்த இடத்தின் மேல்தான் ஓடியது. நம் ஊர் வெயிலில் பட்டி நனைந்து, பிளாஸ்திரி ஊறி, உரசி உரசி அந்த இடம் சிவந்து கிடந்தது. முதல் மாதமே காய்ச்சல் வந்து ஊசி போட்டு இறக்கினார்கள்.

வார்டில் இருந்த சிஸ்டர் தென் மாவட்டத்துக்காரர். "பாடி போடாதீங்கக்கா, எல்லாரையும் மாதிரி நைட்டியில வாங்க" என்றார். உண்மையிலேயே எல்லாப் பெண்களும் அப்படித்தான் வந்தார்கள், நைட்டியும் மேலே ஒரு துண்டும். இவளுக்கு அது ஒத்துவரவில்லை. "ஷேர் ஆட்டோல நாலு ஆம்பளைங்க நடுவுல தொங்கப் போட்டுகினு என்னால வர முடியாது. நோவு வந்தா மானம் போயிடணுமா?" என்றாள். அன்றைக்கே பழைய பாடி ஒன்றை எடுத்து, பிளேடால் தையல் தையலாகப் பிரிக்க உட்கார்ந்தாள்.

பிரித்த துண்டுகளைப் பழைய மாதக் காலண்டர் தாளின் முதுகில் பரப்பி, பென்சிலால் ஓரம் வரைந்தாள். மேல் கிண்ணம், கீழ் கிண்ணம், நடுத் துண்டு, பக்கத்துச் சிறகு. இத்தனை வருடம் கம்பெனியில் உட்கார்ந்தும் மற்றத் துண்டுகளை அவள் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லையாம். அந்தத் தாளை வைத்து வெட்டித் தைத்துப் போட்டால் தொளதொள என்று நின்றது. போட்டுப் போட்டு இழுபட்ட துணியை அளவாக எடுத்தது தப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது. அதிகமாக நின்ற இடத்தைக் கிள்ளி என்னை சேஃப்டி பின் குத்தச் சொன்னாள். கிள்ளிய அளவை அளந்து, தாளில் அதே இடத்தில் கத்தரித்து ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி ஒட்டினாள். மறுபடி வெட்டினாள், தைத்தாள், என்னைக் கண்ணாடி பிடிக்கச் சொன்னாள். வலது பட்டியை எடுத்துவிட்டதும் அந்தப் பக்கம் சரிந்தது. கக்கத்திலிருந்து அகலமாக ஒரு துண்டைக் கொண்டுவந்து தாங்கினாள். குழாய்க்கு ஒரு சாண் கீழே இழுபடாத நாடா ஒன்றைக் குறுக்காகக் கொடுத்தாள். இடது பட்டியை முதுகில் இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் இறக்கினாள். மிஷின் நாட்களில் படுத்துக் கிடந்துவிட்டு, மற்ற நாட்களில் இதே வேலை. வீடெல்லாம் காலண்டர் தாள் துண்டுகள். நீங்கள் அவற்றில் படகு செய்து அடி வாங்கியிருக்கிறீர்கள்.

எலாஸ்டிக்கை நேர்த் தையலில் அடித்தால் இழுக்கும்போது நூல் அறுந்துபோகும், அதற்கு வளைந்து வளைந்து அடிக்கிற மிஷின் வேண்டும். காலடிப்பேட்டை மார்க்கெட் சந்தில் புடவைக்கு ஓரம் அடிக்கிற பீகோ கடையில் அது இருந்தது. அங்கே அவளால் நடந்து போக முடியாது, மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு நான்தான் போவேன். கடைக்காரர் பையைப் பிரித்துப் பார்த்து, "இன்னா மாமு, யார்டு வேலைய வுட்டுட்டு இந்த பிசினஸ்ல எறங்கிட்டியா?" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். "எங்க வூட்டுதுபா. நெஞ்சுல டியூபு கீது, கடையில விக்கிறது உரசுது" என்றேன். அவர் பையை வாங்கி, மிஷினில் இருந்த புடவையைப் பாதியில் எடுத்துவிட்டு இதை அடித்துக் கொடுத்தார். அடுத்த முறை போனபோது, குழாய் பக்கத்து ஓரத்துக்கு மெத்தென்ற நூலாகப் போட்டு வைத்திருந்தார்.

காலையில் கொக்கி மாட்டிவிடுவது என் வேலை. இடது கை பின்னால் போகாது, வலது கையைப் பின்னால் திருப்பினால் குழாய் இழுக்கும். அப்படி மாட்டும்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒரு விஷயம் பிடிபட்டது. மிஷினிலிருந்து வந்த சாயந்திரம் இறுக்கமான உள்வரிசைக் கண்ணியில் மாட்டுகிறது. இரண்டு நாள் கழித்து மறுபடி மிஷினுக்குக் கிளம்பும் காலையில் மூன்றாவது வரிசைகூட எட்டவில்லை. சிறுநீர் இறங்காத உடம்பு. குடிப்பது, சோற்றில் இருப்பது எல்லாம் உள்ளேயே தங்கும். அந்தத் தண்ணீரை நம் வீட்டில் முதலில் கண்டுகொண்டது இந்தக் கொக்கிதான். அவள் மேலும் மூன்று வரிசை கண்ணி சேர்த்து, ஆறாக ஆக்கிக்கொண்டாள். நாளைக்கு இவ்வளவுதான் என்று தண்ணீரை ஒரு சின்ன டம்ளரில் அளந்து குடிக்க வேண்டும். மே மாதத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், உதடு வெடித்திருக்கும். யாருக்கும் தெரியாமல் குடத்திலிருந்து மொண்டு குடித்துவிடுவாள். மறுநாள் காலையில் நான் மாட்டிவிட்டு, "இன்னிக்கு நாலு" என்பேன். "கம்முனு மாட்டு" என்பாள். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்டதில்லை. அந்தத் தாகத்தை நான் பட்டதில்லை.

அவள் நிமிர்ந்து வார்டுக்குள் போவதை மற்றப் பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கல்மண்டபத்தில் மீன் விற்ற ஓர் அம்மா, புருஷன் இல்லாதவர், ஒருநாள் கேட்டேவிட்டார். "இன்னாமே, நோவு எல்லாருக்கும் ஒண்ணுதான். உனக்கு மட்டும் இன்னாமே கட்டுக் குலையாம கீது?" அன்றிலிருந்து காத்திருக்கும் நேரத்தில் பாத்ரூமுக்குள் கூட்டிப்போய் ஒவ்வொருவருக்கும் அளவு எடுத்தாள். தைத்துக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தொளதொளவென்று ஆகிவிட்டது. மீன்கார அம்மா வார்டு வாசலிலேயே நின்றுகொண்டு, "நீ அளவெடுத்தது என்னியா, எனக்குள்ள கீற தண்ணியையாமே?" என்றார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், வெடித்த உதட்டைக் கையால் பொத்திக்கொண்டு. அவள் அளவெடுத்தது மிஷினுக்கு முந்திய நேரத்தில்தான், அப்போது எல்லோரும் ஊதியிருப்பார்கள். தன் உடம்பில் தெரிந்ததை மற்றவர் உடம்பில் மறந்துவிட்டாள். அதற்கப்புறம் மிஷினுக்கு முன்னால் ஒரு அளவு, முடிந்த பிறகு ஒரு அளவு, இரண்டுக்கும் நடுவில் எத்தனை வரிசை கண்ணி வேண்டும் என்று ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டாள். மீன்கார அம்மா மட்டும், "எனக்குக் கொக்கிய முன்னால வெய்யிமே. பின்னால மாட்டிவுட எவன் கீறான் எனக்கு? உனக்குத்தான் ஆளு கீது" என்றார். இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தன்னுடையதற்குக் கடைசி வரை பின்னால்தான் வைத்துக்கொண்டாள்.

மீஞ்சூரிலிருந்து ஒரு பெண் ரயிலில் வரும், கூட அதன் அம்மா. காலேஜ் சேர்ந்த வருடமே நோய் வந்து நின்றுவிட்ட பெண். யாரிடமும் பேசாது. அளவெடுக்கக் கூப்பிட்டபோது அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றதாம், உங்கள் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு தன்னுடையதைக் காட்டிய பிறகுதான் சம்மதித்ததாம். அதற்கு மட்டும் வெளிர்நீலத் துணி வாங்கச் சொன்னாள். கக்கத்தில் நிற்கிற சுருக்கத்தை எடுக்க இரண்டு தரம் பிரித்துத் தைத்தாள். கொண்டுபோன அன்று அது வழக்கமாகப் படுக்கும் படுக்கையில் வேறு ஒரு ஆள் படுத்திருந்தார். அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். விடியற்காலையில் உயிர் போய்விட்டது, கொண்டுபோக இன்னும் வண்டி கிடைக்கவில்லை என்றார். உங்கள் அம்மா பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவர் பார்த்துவிட்டார். "குடும்மா. ரெண்டு நாளா கேட்டுகினே இருந்திச்சு. போட்டே அனுப்புறேன்" என்று கையை நீட்டினார்.

திரும்பி வரும்போது எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன, ஆட்டோ நகரவில்லை. அவள் காலிப் பையை மடித்தபடியே சொன்னாள். "என்னுத என்கூட அனுப்பிடாத. அதுல இன்னும் ஒரு திருத்தம் பாக்கி கீது, கக்கத்துல சுருக்கம் போவல. நாளைக்குப் பொண்ணு தனக்குத் தச்சிக்கணும்னா ஒரு மாதிரி வேணும்ல." நான் வேறு பேச்சு பேசு என்றேன். "இன்னா பேசறது, லாரி போவுமா போவாதான்னு பேசலாமா?" என்றாள்.

இரண்டு மழைக்காலம் அந்தக் குழாயைக் காப்பாற்றினாள். அந்த முதல் மாதக் காய்ச்சலுக்குப் பிறகு ஒரு தரம்கூடச் சீழ் பிடிக்கவில்லை. சிஸ்டர் பிளாஸ்திரி மாற்றும்போது மற்றவர்களிடம் காட்டுவார். டாக்டர் பயந்தது குழாய்க்கு. குழாய் கடைசி வரை நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது வருடத்து மழை மிஷினுக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின இரவில் பிடித்துக்கொண்டது. காலையில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். உங்கள் இரண்டு பேரையும் மாடிவீட்டில் விட்டோம். ஆட்டோ கிடையாது, கரண்ட் கிடையாது, எந்த நம்பருக்கும் மணி போகவில்லை. கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தி அதில் அவளை உட்கார வைத்தேன். படுத்தால் மூச்சு முட்டும். அன்று காலை ஐந்தாவது வரிசை. மறுநாள் காலை ஆறாவது. மதியத்துக்கு மேல் ஆறாவது கண்ணியும் எட்டவில்லை. வீட்டைச் சுற்றி அவ்வளவு தண்ணீர், அவளுக்குச் சொட்டு கொடுக்க எனக்குக் கை வரவில்லை. "அவுத்து வெச்சிடறேன், காத்தாடட்டும்" என்றேன். "எந்நேரமும் யாராவது தூக்கிகினு போவ வருவாங்க. இது இல்லாம தெருவுல போவ மாட்டேன்" என்றாள். பிரித்துப்போட்ட பழைய பாடியின் கொக்கித் துண்டையும் கண்ணித் துண்டையும் டப்பாவிலிருந்து எடுக்கச் சொன்னாள். ஜன்னல் வெளிச்சத்தில், விரல் தடித்து ஊசி பிடிபடாமல், நான்கு தையலுக்கு ஒரு முறை மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டையும் சேர்த்துத் தைத்தாள். ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் கண்ணி வைத்த ஒட்டுப் பட்டி. நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். அதை நடுவில் வைத்து மாட்டியதும், "இப்ப மூச்சு வுட முடியுது" என்றாள். எனக்காகச் சொன்னது என்று தெரியும்.

அதற்கடுத்த நாள் காசிமேட்டுப் பையன்கள் ஃபைபர் படகோடு தெருவுக்குள் வந்தார்கள். மெயின் ரோடு வரை படகு, அங்கிருந்து மீன் வண்டி. வண்டியில் துப்பட்டாவைச் சரியாகப் போட்டுவிடச் சொன்னாள். அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். ஆஸ்பத்திரியில் மிஷினை உடனே போட்டார்கள். குழாயில் ரத்தம் நன்றாக ஓடியது என்று சிஸ்டர் அப்புறம் சொன்னார். தண்ணீர் பாதி இறங்குவதற்குள் இதயம் நின்றுவிட்டது.

சிஸ்டர் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தாலி, கொலுசு, அந்தப் பாடி. "அவசரத்துல கத்தரிச்சுத்தான் எடுப்போம்ணே. அக்கா தச்சதை வெட்ட எனக்கு மனசு வரல. ரெண்டு பேரு திருப்பிப் பிடிச்சு, கொக்கியக் கழட்டித்தான் எடுத்தோம்" என்றார். வீட்டில் குளிப்பாட்டுகிற பெண்கள் புதுத்துணி கேட்டார்கள், யாரோ ஓடிப்போய் எல்லாம் வாங்கி வந்தார்கள். அதில் கடைப் பாடி ஒன்றும் இருந்தது, இரண்டு பக்கமும் பட்டி வைத்தது. வலது பட்டி எங்கே போய்ப் படும் என்று எனக்குத் தெரியும். மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் சொன்னபடி இதை அனுப்பவில்லை. காலண்டர் தாள்கள் எல்லாம் வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டன, மாதிரி என்று மிஞ்சியது இது ஒன்றுதான். பெரியவளே, உனக்கு இரண்டு தோளும் சுகமாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். ஆனால் கடையில் வாங்கியது பதிந்து நீ தோளைத் தேய்ப்பதை நான் பார்க்கிறேன். எப்போது வேண்டுமானாலும் இதைப் பிரித்து அளவு எடுத்துக்கொள். கக்கத்துச் சுருக்கம் இன்னும் அப்படியேதான் நிற்கிறது. அதை எப்படி எடுப்பது என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

கொக்கியை ஏன் மாட்டி வைத்தாய் என்று கேட்டாய். காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு கவரைத் திறந்தேன். ஒட்டுப் பட்டியின் ஒரு முனை அதில் மாட்டியபடியே இருந்தது. சோப்புப் போட்டு அலசி, உள்ளறைக் கொடியில் காயவைத்து, ஒட்டுப் பட்டியைக் கழற்றிவிட்டு உள்வரிசையில் மாட்டினேன். மிஷின் முடிந்து வந்த சாயந்திரங்களில் அந்த வரிசையில்தான் மாட்டுவேன். அப்போது அவள் மூச்சு சத்தமில்லாமல் இருக்கும், இரண்டு நாளைக்கு.

போன வாரம் நீ கழற்றியதை அப்படியே மடித்து வைத்துவிட்டேன் அல்லவா. மறுநாள் நீங்கள் இருவரும் கிளம்பிப் போன பிறகு அதை வெளியே எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கொக்கி கொஞ்சம் வளைந்திருந்தது. பல்லால் கடித்து நேராக்கினேன். வெளிவரிசையிலிருந்து கண்ணி வரிசைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே போய், உள்வரிசையில் மாட்டிவிட்டேன்.